உற்பத்தி முறைகள்: எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடி மார்க்சியம் படிக்கிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கும் தம்பி, இரண்டு கல்லூரி மாணவிகள், காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஓர் அக்கா என்று கலவையான கூட்டம். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் "சமூகம் ஐந்து கட்டங்களாக வளர்ந்தது" என்ற வரியில் வந்து நிற்போம். அங்கேதான் கேள்விகள் கிளம்பும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம்.

உற்பத்தி முறை என்றால் என்ன?

மனிதர்கள் வாழ்வதற்கு வேண்டியதை எதைக் கொண்டு உண்டாக்குகிறார்கள், அப்போது ஒருவரோடு ஒருவர் என்ன உறவில் நிற்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உற்பத்தி முறை.

விடியற்காலையில் காசிமேட்டில் ஒரு லாஞ்ச், அதாவது என்ஜின் வைத்த மீன்பிடிப் படகு, கரைக்கு வருகிறது என்று வையுங்கள். என்ஜின், வலை, ஐஸ், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கிடைக்கும் என்ற அறிவு, வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள், இவையெல்லாம் உற்பத்தி சக்திகள். லாஞ்ச் யாருடையது, டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் கொடுத்தவர் யார், அதற்காக மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டுமா, செலவு கழித்த மீதியில் படகுக்கு எவ்வளவு, ஏறிப்போன ஆட்களுக்கு எவ்வளவு, இவை உற்பத்தி உறவுகள். கூடையை எட்டிப் பார்த்தால் முதலாவது தெரியும். ஏலம் முடிந்து நோட்டைத் திறந்து கணக்குப் பார்க்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டாவது தெரியும்.

சட்டம், அரசு, மதம், "அவன் முதலாளி, நான் கூலி, அது தலையெழுத்து" என்கிற நினைப்பு எல்லாம் இதன் மேல் எழும்புகிறவை என்றார் மார்க்ஸ். அதற்கு மேற்கட்டுமானம் என்று பெயர்.

மொத்தம் எத்தனை கட்டம்? பெயர்களைச் சொல்லுங்கள்.

வழக்கமான பட்டியல் இது: ஆதிப் பொதுவுடைமை, அடிமைச் சமூகம், நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், கடைசியில் சோசலிசமும் பொதுவுடைமையும். கும்மிடிப்பூண்டி வண்டியில் போகிறவர்கள் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒப்பிப்பதுபோல நாமும் இதை ஒப்பிக்கிறோம்.

ஆனால் இந்த ஐந்தும் இதே வரிசையில் மார்க்சின் எழுத்தில் இல்லை. 1859இல் 'அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு' என்ற தன் நூலுக்கு எழுதிய புகழ்பெற்ற முன்னுரையில் அவர் சொன்னது நான்கு: ஆசிய முறை, பழங்கால முறை, நிலப்பிரபுத்துவ முறை, நவீன முதலாளித்துவ முறை. பழங்கால முறை என்று அவர் மனதில் வைத்தது கிரேக்கமும் ரோமும். "பெருமளவில் பார்த்தால்" இவற்றை முன்னேறிச் செல்லும் காலகட்டங்களாகக் கொள்ளலாம் என்றுதான் எழுதினார். அந்தப் "பெருமளவில்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம். ஐந்து கட்டங்கள் என்று இறுக்கிக் கட்டி, உலகம் முழுக்கப் பாடமாக்கியது 1938இல் ஸ்டாலின் எழுதிய இயங்கியல் பொருள்முதல்வாதம் பற்றிய சிறுநூல். நம்மில் மூத்தவர்கள் கற்றுக்கொண்டது அந்த வடிவத்தைத்தான்.

ஒரு முறையை இன்னொன்றிலிருந்து எதை வைத்துப் பிரிக்கிறோம்? கருவியை வைத்தா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

கருவி முக்கியம்தான். கையால் சுற்றி மாவரைக்கும் ஏந்திரம் நிலப்பிரபு உள்ள சமூகத்தைத் தரும், நீராவியால் ஓடும் ஆலை முதலாளி உள்ள சமூகத்தைத் தரும் என்று மார்க்சே 1847இல் எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பின்னால் தன் பெரிய நூலான 'மூலதனம்' எழுதும்போது அவர் வேறொரு இடத்தில் கை வைக்கிறார். உழைக்கிறவர் தன் பிழைப்புக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக உண்டாக்குகிறார். அந்தக் கூடுதல்தான் உபரி. அதை அவரிடமிருந்து யார் எடுக்கிறார்கள், எந்தக் கட்டாயத்தைக் காட்டி எடுக்கிறார்கள்? ஒரு சமூகத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது இந்தக் கேள்விக்கான பதில்.

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

அடிமை. அவரையே ஒருவர் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். அவர் தின்பதற்கும் அவர்தான் உழைக்கிறார். ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு அவருடைய முழு நாளும் ஆண்டைக்குப் போவதுபோலவே தெரியும்.

அடுத்தவர் நிலத்தோடு கட்டுண்ட குடியானவர். மூன்று நாள் தன் துண்டு நிலத்தில், மூன்று நாள் பிரபுவின் நிலத்தில். இங்கே கணக்கு வெட்டவெளிச்சம். எந்த நாள் தனக்கு, எந்த நாள் சும்மா என்று அவருக்கே தெரியும். நம் மொழியிலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் அடிக்கடி வரும். கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை அது. ஏரி வாய்க்கால் வெட்ட, கரை போட என்று ஆட்கள் போக வேண்டும். இன்று "வெட்டியா உக்காந்திருக்கான்" என்கிறோமே, அந்த வார்த்தைக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு முதுகுவலி இருக்கிறது.

மூன்றாமவர் கூலித் தொழிலாளி. அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை, நிலத்தோடு கட்டவும் இல்லை. 8 மணி நேர வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: அவர் சம்பளத்துக்குச் சமமான மதிப்பு முதல் 3 மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. மீதி 5 மணி நேரம்? அது முதலாளிக்கு. ஆனால் சங்கு ஊதி "இதுவரை உனக்கு, இனிமேல் எனக்கு" என்று எந்த ஆலையிலும் சொல்வதில்லை. சம்பளம் 8 மணி நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்ததுபோல இருக்கும். அடிமையிடம் அவர் தனக்காக உழைத்ததும் மறைந்துபோகிறது, கூலித் தொழிலாளியிடம் இலவசமாக உழைத்தது மறைந்துபோகிறது.

கட்டாயமும் மாறுகிறது. முதல் இருவருக்கும் சாட்டை, சட்டம், சாதி, ஊர்க்கட்டுப்பாடு என்று பொருளாதாரத்துக்கு வெளியே இருந்து வருகிற கட்டாயம். மூன்றாமவருக்கு வயிறே கட்டாயம். எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம் என்ற சுதந்திரம் அவருக்கு உண்டு. நிலம், தறி, படகு எதுவும் கையில் இல்லாத இன்னொரு 'சுதந்திரமும்' உண்டு. மார்க்ஸ் இரட்டைச் சுதந்திரம் என்று சொன்னது இதைத்தான்.

ஆதிப் பொதுவுடைமை என்று ஒன்று நிஜமாகவே இருந்ததா?

மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றி எழுதியபோது அவர் ஆதாரமாகக் கொண்டது அமெரிக்க ஆய்வாளர் மார்கன் 1877இல் வெளியிட்ட நூலை. மார்கன் வட அமெரிக்காவின் இரோகுவா பழங்குடிகளை நெருக்கமாகப் பார்த்தவர். அதன் பிறகு மானுடவியல் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது, மார்கனின் பல படிநிலைகள் இன்று நிற்பதில்லை. ஆனால் சேமித்துவைக்க உபரி இல்லாத இடத்தில் அதை எடுத்துக்கொள்ள ஒரு வர்க்கமும் இருக்க முடியாது என்ற அடிப்படை எனக்கு இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறையைச் சொல்லி, "அதுதானே ஆதிப் பொதுவுடைமை?" என்று கேட்பார்கள். மீன் பிடிக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைபோட்டுப் பிரித்துக்கொள்வார்கள், ஒருவரே நல்ல இடத்தை எப்போதும் வைத்துக்கொள்ள முடியாது. அழகான ஏற்பாடு. ஆனால் அந்த முறையில் யாருக்குப் பங்கு உண்டு என்பதைச் சாதியும் ஊரும்தான் தீர்மானிக்கின்றன. பிடித்த இறால் போய்ச் சேர்வதும் சந்தைக்கு. பொதுவில் வைத்துக்கொள்வது என்ற பழைய பழக்கம் மட்டும் அதில் உயிரோடு இருக்கிறது, பழைய சமூகம் இல்லை.

தமிழ்நாட்டில் அடிமைச் சமூகம் இருந்ததா?

அடிமைகள் இருந்தார்கள். ஆட்களைக் கோயிலுக்கு விற்றதையும், வறுமையில் தம்மையே விற்றுக்கொண்டதையும் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. வயலில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களை ஆங்கிலேயர் ஆவணங்களும் அடிமைகள் என்றே குறித்தன. அந்த உரிமையை நீதிமன்றத்தில் கேட்க முடியாதபடி 1843இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கப்புறமும் பண்ணையாள் முறை வேறு பெயரில் நீண்டது.

அடிமைகள் இருந்த சமூகம் வேறு, அடிமைகளின் உழைப்பின் மேல் நின்ற சமூகம் வேறு. ரோமில் பெரும் பண்ணைகளும் சுரங்கங்களும் அடிமைகளால் ஓடின. இந்தியாவில் அந்த அளவில் அடிமை உற்பத்தி இருந்ததில்லை என்று மார்க்சிய வரலாற்றாசிரியர் டி.டி. கோசாம்பி 1950களிலேயே வாதிட்டார். இங்கே அந்த வேலையைச் சாதி செய்தது. விலைக்கு வாங்காமலேயே ஒருவரைப் பிறப்பால் கட்டிவைக்க முடிந்தபோது சந்தையில் வாங்குவதற்கு என்ன அவசியம்?

ஆசிய உற்பத்தி முறை என்கிறார்களே, அது ஏன் பட்டியலில் இல்லை?

நிலத்தில் தனிச்சொத்து இல்லை, கிராமம் தனக்குத்தானே போதுமானதாக வாழ்கிறது, அரசன் நீர்ப்பாசனத்தைப் பார்த்துக்கொண்டு வரியையே குத்தகைபோல வாங்குகிறான். இந்தியா பற்றி அன்று ஐரோப்பாவில் கிடைத்த அறிக்கைகளைப் படித்து மார்க்ஸ் வரைந்த படம் இது. 1931இல் சோவியத் அறிஞர்கள் லெனின்கிராட்டில் நடத்திய விவாதத்தில் இதை ஒதுக்கினார்கள். அதனால்தான் ஸ்டாலின் பட்டியலில் இல்லை. 1960களில் உலகம் முழுக்க இந்த விவாதம் மறுபடி எழுந்தது.

என்னைக் கேட்டால், இந்தப் படம் நம் மண்ணுக்குப் பொருந்தவில்லை. அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ், தொண்டை மண்டலத்தின் மிராசு உரிமை, அதாவது ஊர் நிலத்தில் பரம்பரையாக வரும் பங்குரிமை பற்றி நீளமாக எழுதினார். அந்த உரிமை பங்கு பங்காகப் பிரிக்கப்பட்டது, விற்கப்பட்டது, அடகு வைக்கப்பட்டது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் கராஷிமா சோழர் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டு, பிற்காலச் சோழர் காலத்தில் தனியார் நில உடைமை வளர்ந்ததைக் காட்டினார். மாறாத கிராமம் என்பது கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் கண்ட கனவு. கிடைத்த தகவல் குறையாக இருந்ததால் மார்க்சும் அதை நம்பிவிட்டார்.

அப்படியென்றால் இங்கே இருந்தது நிலப்பிரபுத்துவமா?

இதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. ஆர்.எஸ். சர்மா 1965இல், பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்த நிலக்கொடைகளிலிருந்து இந்திய நிலப்பிரபுத்துவம் வளர்ந்தது என்றார். ஹர்பன்ஸ் முக்கியா மறுத்தார். ஐரோப்பியப் பண்ணையடிமைபோல இல்லாமல் இந்தியக் குடியானவர் தன் ஏரையும் மாட்டையும் தானே வைத்து உழுதார், அதனால் அந்தப் பெயர் பொருந்தாது என்பது அவர் வாதம்.

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலுக்குப் போனால் கருவறைச் சுவரைச் சுற்றி வந்து பாருங்கள். சாமி கும்பிடப் போகிறவர்கள் கை வைத்துத் தேய்ந்த கல்லில் சோழர் கால எழுத்து ஓடுகிறது. இப்படிப்பட்ட கோயில் கல்வெட்டுகளில் நிலம், நெல், விளக்குக்கு ஆடு மாடு, வரி நீக்கம் என்று எல்லாம் கணக்காகவே இருக்கும். விளைச்சலில் மேலே இருப்பவருக்குப் போகும் மேல்வாரம் ஒரு பக்கம், பயிரிடும் குடியானவருக்கு மிஞ்சும் குடிவாரம் ஒரு பக்கம். அதற்கும் கீழே, எந்த வாரமும் இல்லாமல் சேரியிலிருந்து வந்து நட்டு அறுத்தவர்கள். முக்கியா சொல்கிற குடியானவர் ஏர் வைத்திருந்தார், சரி. ஏர் இல்லாமல் அந்த வயலில் நின்றவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெயர் எதுவானாலும், உபரி பறிபோனது சாதியின் கட்டாயத்தால் என்பதை விட்டுவிடாமல் சொல்லுகிற விளக்கமே எனக்கு வேண்டும்.

ஒரு முறை இன்னொன்றாக எப்படி மாறுகிறது?

உற்பத்தி சக்திகள் வளர்ந்து, பழைய உறவுகள் அவற்றுக்குத் தளையாகும்போது புரட்சிக் காலம் பிறக்கிறது என்பது 1859 முன்னுரையின் பதில். ஐரோப்பாவில் முதலாளித்துவம் எப்படிப் பிறந்தது என்பதில் மார்க்சிய அறிஞர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. வணிகமும் நகரமும் பழையதைக் கரைத்தன என்றார் பால் ஸ்வீசி. இல்லை, நிலத்தில் பிரபுவுக்கும் குடியானவருக்கும் நடந்த மோதலே அதை உடைத்தது என்றார் மாரிஸ் டாப். 1970களில் ராபர்ட் பிரென்னர் டாபின் பக்கம் நின்று வாதத்தை இன்னும் கூர்மையாக்கினார்.

இது தூரத்துச் சண்டை என்று நினைக்க வேண்டாம். வணிகம் மட்டும் போதாது என்பதற்கு நம் தெருப்பெயர்களே சாட்சி. வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளைத் துவைத்து வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை. திருவொற்றியூர் அருகே இருக்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய 'காலட்பேட்டை'. நூலுக்கும் சாப்பாட்டுக்கும் கம்பெனி முன்பணம் கொடுக்கும், நெசவாளர் தன் வீட்டில் தன் தறியில் நெய்து கொடுப்பார். கடல் கடந்து துணி போனது, லாபம் குவிந்தது. ஆனால் தறி அப்படியே இருந்தது, நெய்த விதமும் அப்படியே இருந்தது. வணிகர் உற்பத்தியைத் தன் பிடியில் வைப்பார், ஆனால் அதைப் புரட்டிப்போட மாட்டார் என்று 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் சொன்னது இந்தப் பேட்டைகளுக்கு அப்படியே பொருந்தும். பிறகு இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து ஆலைத்துணி வந்தது, பேட்டையில் தறிச்சத்தம் அடங்கியது.

ரயிலும் ஆலையும் வந்தால் சாதி கரையும் என்று மார்க்ஸ் சொன்னாரே, கரைந்ததா?

1853 ஆகஸ்டில் ஒரு நியூயார்க் நாளிதழில் மார்க்ஸ் எழுதினார்: ரயில்வேயிலிருந்து பிறக்கும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும். மூன்றே ஆண்டில், 1856 ஜூலையில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. சில பத்தாண்டுகளில் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழும்பின. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க. தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இதுவரை மார்க்சின் கணக்கு சரியாகவே போனது.

அப்புறம் 1921. ஆலை வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் சாதிக் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஒரே ஆலை, ஒரே சங்கு, ஒரே முதலாளி, ஆனால் இரண்டு தெரு. வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள், அதாவது வேலைநிறுத்தத்தை உடைத்தவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் ஏற்பதில்லை. கிராமத்தில் பண்ணைக்குக் கட்டுண்டு கிடந்த ஒரு குடும்பத்துக்கு ஆலைக்கூலி என்பது முதன்முதலாகக் கையில் விழுந்த காசு. அதை விட்டு இறங்கச் சொன்னவர்கள் அவர்கள் தண்ணீர்க் குழாயைத் தொட விட்டார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

ரயில் பரம்பரைத் தொழிலை நிறையவே கரைத்தது. கல்யாணத்தையும் குடியிருப்பையும் கரைக்கவில்லை. மேற்கட்டுமானம் என்று சாதியை மேலே தூக்கி வைத்துவிட்டால் இது புரியாது. யாருக்கு நிலம், யாருக்கு எந்த வேலை என்று தீர்மானித்ததால் சாதி உற்பத்தி உறவுக்குள்ளேயே இருக்கிறது.

எல்லா நாடும் ஐந்து கட்டத்தையும் வரிசையாகக் கடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். 1881இல் வேரா சாசுலிச் என்ற ரஷ்யப் புரட்சியாளர் இதையேதான் மார்க்சிடம் கேட்டார்: எங்கள் கிராமச் சமுதாயம் அழிந்து முதலாளித்துவம் வந்தபின்தான் சோசலிசமா? மார்க்ஸ் பல வரைவுகள் எழுதிப் பார்த்தார். கடைசியில் அனுப்பியது ஒரு சிறு கடிதம். 'மூலதனத்தில்' தான் சொன்ன வரலாற்றுக் கட்டாயம் மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது என்று அதில் வெளிப்படையாக எழுதினார்.

காசிமேட்டு லாஞ்ச், வாடகை ஆட்டோ, வீட்டு வேலை, இவை எந்த முறையில் சேரும்?

மீன் விற்கும் அக்கா கேட்ட கேள்வி இது. ஒரு சமூகத்தில் ஒரே ஒரு முறைதான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பல முறைகள் பின்னிக் கிடக்கும், ஒன்று மற்றவற்றைத் தன் பக்கம் இழுக்கும். லாஞ்சில் சம்பளத்துக்குப் பதில் பங்கு, அது பழைய கட்டுமரக் காலத்து வழக்கம். ஆனால் டீசல் விலையும் ஏற்றுமதி விலையும் அந்தப் பங்கை நிர்ணயிக்கின்றன. மீன் கிடைக்காத நாளில் நஷ்டத்திலும் ஆட்களுக்குப் பங்கு உண்டு. அக்காவின் கதையே வேறு. கூடை அவருடையது, உழைப்பு அவருடையது, முதலாளி என்று யாரும் இல்லை. காலையில் கந்துக்கு வாங்கிய பணத்துக்குச் சாயங்காலம் வட்டியோடு கொடுக்கும்போது உபரி அந்த வழியாகப் போகிறது. வீட்டுக்கு வந்து அவர் சமைப்பதும் துவைப்பதும் நாளைக்கு மறுபடி வேலைக்குப் போக ஆட்களைத் தயார் செய்கிறது. அதற்கு எந்த நோட்டிலும் வரவு கிடையாது. 1970களில் இந்திய விவசாயத்தின் உற்பத்தி முறை பற்றி அறிஞர்கள் பெரிய விவாதம் நடத்தினார்கள். அந்த அளவு பொறுமையோடு யாராவது இந்த ஒரு கூடையைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் ஆசை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

மார்க்ஸ் 1849இல் வெளியிட்ட 'கூலியுழைப்பும் மூலதனமும்' தமிழில் கிடைக்கிறது, சின்னது. அதன்பின் 1859 முன்னுரை, நாலைந்து பக்கம்தான். 'மூலதனத்தில்' வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைத் தனியாகவே படிக்கலாம். அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். சீட்டே தராத இடத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் வந்த காசையும் வேலை பார்த்த மணியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் போதும். அதை வைத்தே தொடங்குவோம்.